டீச்சருக்குப் போட்ட ஆறு

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக, அலாரம் அடிக்கும் மணிக்கூட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டாவது வேலை இந்தக் கட்டுரை. கல்வி நிலையங்களை அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஊருக்குக் கணக்குச் சொல்லும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். இருந்த மிக்சர் முழுவதையும் முடித்தீர்கள். போகும்போது, "அக்கா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சாப்பிட்ட வாய் கேட்டால் மறுக்க முடியுமா?

உங்களில் சிலர் இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள். சிலர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்து கணினி வேலைக்கு வந்தவர்கள். அட்டவணை போடுவதும் வரைபடம் கீறுவதும் என்னைவிட உங்களுக்கு நூறு மடங்கு நன்றாக வரும். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். பிழை என்றால் சின்னப் பிழை இல்லை, ஒரு மனுசியின் வேலையைப் பறிக்கப் பார்த்த பிழை. பயப்படாதீர்கள், இடையில் சிரிக்கவும் நிறைய இருக்கிறது.

நான் வேலை செய்தது ஒரு மக்கள் கல்லூரியில். ஜேர்மன்காரர் ஃபோல்க்ஸ்ஹோக்சூல என்பார்கள். பட்டம் தராது. வேலை முடித்து வருகிற எவரும் அங்கே மொழி, கணினி, தையல், சமையல் என்று எதையும் படிக்கலாம். பாதிச் செலவை நகரசபை ஏற்கும். எங்கள் நகரம் ரைன் ஆற்றங்கரையில், கொலோனுக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், அங்கிருந்து இன்னும் சிலர் என்னுடன் தேநீர் குடிக்க வருகிறார்கள். எங்கள் கல்லூரிக்கு ஐந்து கிளைகள். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு அளவில் நகரசபைக்கு ஒரு யோசனை வந்தது. மக்களின் பணத்தில் நடக்கும் கல்லூரி எப்படி நடக்கிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும், எல்லாக் கிளைகளையும் வகுப்புகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு வெளியிடுங்கள் என்றார்கள்.

நல்ல யோசனைதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் ஆட்கள் சிலர் அளப்பதென்றாலே முகத்தைச் சுளிப்பார்கள், எனக்கு அந்தச் சுளிப்புப் பிடிக்காது. ஊர்ப் பணத்தில் சம்பளம் எடுத்தால் ஊருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அட்டவணைக்காகத்தான் என்னை எடுத்தார்கள். பிள்ளைகளை வளர்த்து, நாற்பத்தொரு வயதில் அலுவலக வேலைக்கான தொழிற்பயிற்சி முடித்து, தலைமயிருக்குச் சாயம் பூசிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனவள் நான். ஒரு வருட ஒப்பந்தம் தந்தார்கள். என் மேலதிகாரி என்னைவிட ஒன்பது வயது இளையவர். நெடுத்த மனிதர். மழையென்றாலும் பனியென்றாலும் சைக்கிளில்தான் வருவார். வலது கால்சட்டை சங்கிலியில் சிக்காமலிருக்க மாட்டும் வளையத்தை நாள் முழுக்கக் கழற்ற மறந்து கூட்டங்களிலும் அப்படியே இருப்பார். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தலைவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அட்டவணையில் எந்த வகுப்பு முன்னுக்கு வந்தது தெரியுமா? சமையல். ஆரம்பித்தவர் அத்தனை பேரும் கடைசி நாள்வரை வந்திருந்தார்கள், ஒருவர்கூட இடையில் நிற்கவில்லை. கணக்கியல் வகுப்பிலோ பாதிப் பேரைக் காணோம். கணக்கியல் ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று நான் துள்ளினேன். தலைவர் சமையல் வகுப்பின் நிகழ்ச்சித் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைசி நாள்: எல்லோரும் சேர்ந்து வாத்து பொரித்துச் சாப்பிடுதல். "கணக்கியலிலும் வாத்து கொடுத்துப் பார்ப்போமா?" என்றார். அன்றிலிருந்து எந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முன்னர், இதில் வாத்து எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்ததாகத்தான் நினைத்தேன்.

அட்டவணையின் கடைசி நிரல் படிப்பவர்களின் கருத்து. எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம். ஆசிரியர் விளங்கும்படி சொல்லித் தருகிறாரா, பாடம் பயன்படுகிறதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஆறுவரை பெட்டிகள். ஏதாவது ஒன்றில் புள்ளடி போட வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் தலைவர் என்னைக் கேட்டார்: "வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது விளங்குமா? அதை உங்களைவிட வேறு யாரும் சொல்ல முடியாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்! படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று பேரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். என் மச்சாள், மேல்மாடித் துருக்கிப் பெண், மகளின் சிநேகிதியுடைய தாய். மூவரும் ஐந்து நிமிடத்தில் நிரப்பித் தந்தார்கள். "எல்லோருக்கும் விளங்கும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

படிவங்கள் வந்தன, எண்களைக் கணினியில் ஏற்றினோம், அட்டவணை ஆயிற்று. ஆகக் கீழே ஒரு மாலைநேர ஜேர்மன் மொழி வகுப்பு. படிப்பவர் பதினாறு பேர், ஏறக்குறைய எல்லோரும் எங்கள் தமிழர். சிலருக்குக் குடியுரிமைக்கு மொழிச் சான்றிதழ் வேண்டும். சிலர் கலியாணம் முடித்துப் புதிதாக வந்த பெண்கள். பொடியன்கள் சிலர் உணவகச் சமையலறையில் நிற்பவர்கள். ஆசிரியை ஃப்ராவ் (திருமதி) ஹார்ட்மன். அந்த வகுப்பு அவருக்குக் கொடுத்த சராசரி நாலே முக்கால். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் ஒன்று ஆகச் சிறந்த புள்ளி, ஆறு ஆகக் கூடாத புள்ளி. நாலே முக்கால் என்றால் பெயில்.

ஃப்ராவ் ஹார்ட்மன் நிரந்தர ஆசிரியை அல்லர். பாடம் நடத்தும் மணித்தியாலத்துக்கு மட்டும் சம்பளம், ஒப்பந்தம் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிது. அட்டவணையைப் பார்த்த நிர்வாகம், நாலைவிட மோசமான புள்ளி வாங்கிய வகுப்புகளின் ஆசிரியருக்கு அடுத்த பருவம் ஒப்பந்தம் இல்லை என்று முடிவெடுத்தது. அட்டவணை வெள்ளிக்கிழமை நகரசபைக் கல்விக்குழுவுக்குப் போகிறது, அதன் பிறகு ஊருக்கே.

செவ்வாய்க்கிழமை காலை ஃப்ராவ் ஹார்ட்மன் எங்கள் அறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். சண்டை பிடிக்க வந்தவர் போலத் தெரியவில்லை. கதிரையில் இருந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அவர்கள் என்னிடம் சொல்லியிருக்கலாமே? பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். போன கிழமைகூட எனக்கு உளுந்தில் செய்த வடை கொண்டுவந்து தந்தார்கள். எனக்கு ஆறு போட்டுக்கொண்டே எப்படி வடை தந்தார்கள்?"

அப்படிச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். என் ஆட்களை நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகத்துக்கு முன்னால் வடை, முதுகுக்குப் பின்னால் ஆறா? வெட்கக்கேடு என்று மனத்துக்குள் திட்டினேன். அவர் போனதும் அந்தப் பதினாறு படிவங்களையும் அலுமாரியிலிருந்து இழுத்தெடுத்தேன், யார் இப்படிச் செய்தது என்று பார்ப்பதற்கு.

பன்னிரண்டு படிவங்களில் எட்டுக் கேள்விக்கும் ஆறு. நாலு படிவங்களில் எட்டுக் கேள்விக்கும் ஒன்று. ஆறு போட்ட ஒரு படிவத்தின் அடியில் யாரோ உடைந்த ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தார்கள்: மிக நல்ல ஆசிரியை, நன்றி, கடவுள் ஆசீர்வதிப்பார். இன்னொன்றில் ஒரு பூ கீறியிருந்தது. ஆறுக்குப் பக்கத்தில் பூ!

அப்போதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கணக்கில் ஒன்று என்று கொண்டுவந்தாள். துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தவளைப் பிடித்து, "ஒண்டோ? வெட்கமில்லாமல் சிரிக்கிறாய்!" என்று ஏசி, தொலைக்காட்சியை நிறுத்தி, அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைச் சந்திக்க டெர்மின் எடுத்து, மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆசிரியை பாவம், வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்குத் தாய் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று தெரியாமல் முழித்தார். நாங்கள் நூற்றுக்கு நூறு பார்த்து வளர்ந்தவர்கள். கூடினால் நல்லது, குறைந்தால் பிழை. ஒன்று வாங்கினால் அடி விழும் என்று எங்கள் உடம்புக்கே தெரியும்.

இது எனக்குத் தெரிந்த விசயம், பிள்ளைகளே. நானே விழுந்து எழும்பிய குழி. ஆனால் எழும்பிப் பதினைந்து வருடம் ஆனதில் அப்படி ஒரு குழி இருந்ததே மறந்துபோயிற்று. நான் படிவத்தைக் கொடுத்துப் பார்த்த மூன்று பேரும் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய தாய்மார், குழியைத் தாண்டியவர்கள். புதிதாக வந்த ஒரு பெண்ணிடமும் நான் கொடுக்கவில்லை, சமையலறைப் பொடியன் ஒருவனிடமும் கொடுக்கவில்லை. ஜேர்மன்காரரோ ஒன்று நல்லது என்பதை உலகமே அறியும் என்று நினைத்துப் படிவத்தில் ஒரு வரி விளக்கம்கூடப் போடவில்லை. ஒரு விசயத்தைக் கற்றுக்கொண்டவன், அது தெரியாமல் இருந்த காலத்தை முதலில் மறப்பான். நீங்கள் எந்தப் படிவம் தயாரித்தாலும் நேற்று விமானத்தால் இறங்கிய ஆளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

தலைவரிடம் ஓடினேன். சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை" என்றார்.

"ஒரு நிமிட வேலை" என்றேன் நான். "ஆறு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவோம். ஒன்று போட்டவர்களுக்கு முறை தெரிந்திருக்கிறது, அவர்களை விட்டுவிடுவோம்."

அவர் கணினியில் மாற்றிப் பார்த்தார். சராசரி ஒன்று. சுத்தமான ஒன்று. ஃப்ராவ் ஹார்ட்மன் ஆகக் கீழேயிருந்து ஒரே பாய்ச்சலில் நகரத்திலேயே முதலாவது இடத்துக்கு வந்து நின்றார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதை நம்புகிறீர்களா?" என்றார்.

"நம்புகிறேன்!" என்றேன் படக்கென்று.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்த ஆசிரியைக்காக மட்டும் நான் அவசரப்படவில்லை. இப்படி மாற்றிவிட்டால் என் பெரிய கையெழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"அந்த வகுப்பில் நீங்கள் இருந்தீர்களா?"

"இல்லை."

"நானும் இருக்கவில்லை. அப்படியென்றால் இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு பேருக்காகப் பதில் எழுதுகிறோம். நல்ல மனத்தோடுதான் எழுதுகிறோம், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது." திரையை அணைத்தார். "போய்க் கேளுங்கள். வியாழக்கிழமை மாலை அவர்களுக்கு வகுப்பு இருக்கிறது. இலக்கம் வேண்டாம், சொல்லால் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அதுதான் பதில்."

"மோசமாக வந்தால்?"

"அதைத்தான் வெள்ளிக்கிழமை கொண்டுபோவோம்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். கால்சட்டையில் வளையத்தோடு இருக்கும் இந்தப் பொடியனுக்கு ஒரு மனுசியின் வயிறு விளங்கவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன். ஆனாலும் புதிய படிவம் எழுதினேன். மிக நல்லது, நல்லது, பரவாயில்லை, நல்லதில்லை, மிக மோசம். ஜேர்மன் மொழியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. கீழே விரும்பியதை எழுத இரண்டு வரி இடம்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு வகுப்புக்குப் போனேன். ஃப்ராவ் ஹார்ட்மன் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார். நான் கதவைச் சாத்தினேன்.

"எல்லாரும் கேளுங்கோ. போன மாதம் ஒரு படிவம் நிரப்பினீங்கள் அல்லோ? அதில ஆறு எண்டால் என்னெண்டு நினைச்சுப் போட்டனீங்கள்?"

முன்வரிசையில் இருந்த யோகன் அண்ணை, பீட்சாக் கடைச் சமையலறையில் வேலை, பெருமையோடு எழும்பினார். "ஆறுக்கு ஆறு, தங்கச்சி! டீச்சருக்குக் குறைச்சுப் போட எங்களுக்கு மனம் வருமே?"

"அண்ணை, இஞ்ச ஒண்டுதான் ஆக நல்லது. ஆறு எண்டால் பெயில்."

வகுப்பே ஒரே நேரத்தில் கத்தியது.

"ஐயோ, கடவுளே! டீச்சரை நாங்கள் பெயிலாக்கிப் போட்டமோ?"

"அதுதான் இந்தக் கிழமை மனுசி எங்களோட சிரிக்கேல்லை!"

"நான் நல்லா அழுத்தி அழுத்தி வேற புள்ளடி போட்டனான்!"

பின்வரிசையிலிருந்து செல்வி என்ற பெண் எழும்பினாள். அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "நான் ஒண்டு போட்டனான். அதை யோகன் அண்ணை எட்டிப் பாத்துப்போட்டு, 'நன்றி கெட்டதுகள்' எண்டு சொல்லி அண்டைக்கிருந்து என்னோட கதைக்கேல்லை. பஸ்ஸில பக்கத்தில இருந்தாலும் மற்றப் பக்கம் பாப்பார். இப்ப சொல்லுங்கோ அண்ணை, ஆர் நன்றி கெட்டது?"

யோகன் அண்ணை தலையைச் சொறிந்தார். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு. ஆனா நீ அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்டாத்தானே!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. தாழ்வாரத்தில் நின்ற ஃப்ராவ் ஹார்ட்மனுக்கு அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கும், என்ன நினைத்தாரோ. புதிய படிவங்களைக் கொடுத்தேன். எல்லோரும் குனிந்து எழுதி, மடித்து, நான் கொண்டுபோன சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டார்கள். ஒருவர் மட்டும் பேனையை எடுக்கவில்லை.

புஷ்பம் அக்கா. விடுதியில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. வேலைச் சட்டையை மாற்ற நேரமில்லாமல் மேலே குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார்.

"என்ர பதில் முந்தினதுதான். ஆறு."

"அக்கா, நான் சொன்னது விளங்கேல்லையோ? ஆறு எண்டால் ஆகக் கூடாதது."

"எனக்கு வடிவா விளங்கினது. என்ர மகன் ஜிம்னாசியப் பள்ளிக்கூடத்தில படிக்கிறான். ஒண்டு எண்டா என்ன, ஆறு எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டனான்."

வகுப்பு அவர் பக்கம் திரும்பியது. "அக்கா, டீச்சரின்ர வயித்தில அடிக்கிறியளே?" என்றார் ஒருவர். "வேலை போயிடுமாம், மாத்தி எழுதுங்கோ" என்றார் இன்னொருவர். யோகன் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், "அக்கா, 'பரவாயில்லை' எண்டாவது போட்டால் என்ன?" என்று கேட்டேன். எந்தப் பதில் வந்தாலும் அதுதான் பதில் என்று சொல்லி அனுப்பப்பட்ட நான், பதிலைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

புஷ்பம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, என்ர வேலை முடியிறது ஆறு மணிக்கு. பஸ் பிடிச்சு இஞ்ச வர ஆறு இருபது, ஆறு இருபத்தஞ்சு. வகுப்புத் துடங்கிறது ஆறு மணிக்கு. புதுப்பாடம் சொல்லித் தாறது அந்த முதல் அரை மணித்தியாலம். நான் வரேக்க எல்லாரும் பயிற்சி செய்துகொண்டு இருப்பினம். எனக்கு என்ன செய்யினம் எண்டே தெரியாது. ரெண்டு தரம் டீச்சரிட்டைக் கேட்டனான், எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ எண்டு. 'பக்கத்தில இருக்கிற ஆளைக் கேளுங்கோ' எண்டவ. பக்கத்தில ஆர் இருக்கினம்? கதவுதான் இருக்கு. அவ நல்ல மனுசி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நீங்கள் கேட்டது வகுப்பு எப்பிடி எண்டு. எனக்கு இந்த வகுப்பு ஆறுதான். சோதினையில நான் பெயில் விட்டால், எனக்காக நீங்கள் போய் எழுதுவியளோ?"

யோகன் அண்ணை கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார். எனக்குக் காது சுட்டது. செவ்வாய்க்கிழமை அந்த அறையில் நான் சொன்னபடி செய்திருந்தால், இந்த மனுசியின் ஆறும் மற்றவற்றோடு சேர்ந்து ஒன்றாகியிருக்கும். பதினாறு பேரில் கேட்ட கேள்வி சரியாக விளங்கி, உள்ளதை உள்ளபடி சொல்லி, உதவி கேட்ட ஒரே பதிலைப் பாராட்டாக மாற்றி நகரத்துக்கே அச்சடித்துக் கொடுத்திருப்பேன். அக்காவிடம் பேனையைக் கொடுத்தேன்.

"எழுதுங்கோ அக்கா. நீங்கள் சொன்னதெல்லாம் கீழ இருக்கிற ரெண்டு வரியில எழுதுங்கோ. தமிழிலயே எழுதுங்கோ, நான் மொழிபெயர்க்கிறன்."

இரண்டு வரி போதாமல், தாளின் பின்பக்கமும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை கல்விக்குழுவில் நானும் தலைவரும் போய் நின்றோம். அந்த வகுப்புக்கு இரண்டாம் முறை கேட்ட காரணத்தைச் சொல்ல வேண்டியது நான். படிவம் விளங்கும் என்று கையெழுத்து வைத்தது நான்தான், பிழை என்னுடையது என்று சொன்னேன். வடைக் கதையையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கடுகடுத்த முகத்தோடு இருந்த ஓர் அம்மாவும் சிரித்தார். அப்பாடா, முடிந்தது என்று நான் உட்காரப் போக, மூலையில் இருந்த தாடிக்காரர் கை தூக்கினார்.

"அப்படியென்றால் மற்ற வகுப்புகளிலும் யாராவது தலைகீழாகப் போட்டிருக்கலாமே? அந்த எண்கள் சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலைவரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பதிலை என்னிடமே விட்டுவிட்டார், பாவி. எனக்கு முன்னால் நாலு மாத வேலை, ஐந்து கிளைகள், பளபளவென்று அச்சடித்த அட்டவணை. தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் தப்பும்.

"தெரியாது" என்றேன். "கருத்துக் கேட்ட நிரல் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். எல்லோரிடமும் திரும்பக் கேட்க வேண்டும்."

அப்படியே முடிவாயிற்று. அந்த நிரலை எடுத்துவிட்டு மற்றவற்றை வெளியிட்டார்கள். நிரல் இல்லாதபோது அதை வைத்து எடுத்த முடிவும் நிற்காது. ஃப்ராவ் ஹார்ட்மனுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. எனக்கும்தான், மூன்று மாதம் கழித்து. "பிழையை ஒத்துக்கொள்கிற ஆளை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைத் தேட எனக்கு நேரமில்லை" என்றார் தலைவர். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒன்றுதான். வேறு கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

திங்கட்கிழமை ஃப்ராவ் ஹார்ட்மன் தன் வகுப்பின் புதிய பதில்களைப் பார்க்க வந்தார். யார் எழுத்தென்று தெரியாமலிருக்க எல்லாவற்றையும் நான் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். மிக நல்லது, மிக நல்லது என்று பதினைந்து. சிரித்துக்கொண்டு வாசித்தார், கண்ணைத் துடைத்தார். பதினாறாவது வந்தது. வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆறரைக்கு வருகிற ஆள் யாரென்று அவருக்குத் தெரியாதா.

"இரண்டு தரம் கேட்டார்" என்றார். "எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு தரமும் நான் கரும்பலகையை அழித்துக்கொண்டே பதில் சொன்னேன்."

மற்றப் பதினைந்தையும் மேசையில் விட்டுவிட்டு அந்த ஒரு தாளை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு பருவம் முழுக்க வேலை செய்து, நகரசபையைக் கூட்டி, ஊருக்கே கணக்குக் காட்டப் புறப்பட்டோமே, அதனால் அந்த வருடம் உண்மையாகவே மாறியது என்ன என்று நீங்கள் கேட்டால், கல்லூரியின் அடுத்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு வரி மாறியது என்பேன். மாலைநேர ஜேர்மன் வகுப்பு, செவ்வாய், வியாழன், ஆறரை மணி. பருவத்தின் முதல் நாள், வருகைப் பதிவேடு கொடுக்கிற சாட்டில் நானே அங்கே போனேன். ஆறரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஃப்ராவ் ஹார்ட்மன்கூட வந்திருக்கவில்லை. புஷ்பம் அக்கா முன்வரிசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறுதலாக இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.